குடைப் பாட்டின் முதல் பதிவு

மார்ச் 3

அக்காவுக்கு,

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருப்பாய் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். இந்த வரி வரை வந்துவிட்டாய் என்றால் தயவுசெய்து இன்னும் கொஞ்சம் படி. தொலைபேசியில் கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். அதனால்தான் பதினோரு வருஷம் கழித்துப் பேனாவைப் பிடித்திருக்கிறேன். இது நான்காவது காகிதம். மூன்று குப்பைக்கூடையில் கிடக்கிறது.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டுக் குளியலறையில் சலவை இயந்திரத்தின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை முழுக்க நுரை. போன் அடித்தது. "தும்மல் பாட்டு சார்தானே?" என்று ஒரு பெண். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நம் குடைப் பாட்டை முதன்முதலில் ஒலிபரப்பிய அதே வானொலி நிலையம்! பழைய வாராந்திரப் பாட்டு வரிசையில் ஒரே ஒரு பாட்டால் முதலிடத்துக்கு வந்து, அப்புறம் ஆளே காணாமல் போனவர்களை எல்லாம் தேடிப் பிடிக்கிறார்களாம். ஏப்ரல் 27 மாலை நேரடி ஒலிபரப்பு. நானும் நீயும் பாடவேண்டும்.

"நான் மட்டும் வரட்டுமா?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் வந்தாதான் சார். தும்முறவங்க இல்லாம எப்படி?" என்றாள். இதை உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கீபோர்டைப் பரணிலிருந்து இறக்கிக் கூடத்தில் வைத்தேன். அப்புறம் ஜன்னல் பக்கம். அப்புறம் மறுபடி கூடம். இன்று காலை ஒரு வீட்டில் இயந்திரத்தைச் சரி செய்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை மாட்டாமலே வந்துவிட்டேன். அவர்கள் கூடம் குளமாகிவிட்டது.

எனக்கு ஐம்பது வயது அக்கா. ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தோம். அந்த ஒன்பது வாரத்தில் ஒரே ஒரு மாலையாவது திரும்பக் கிடைக்கிறதே என்று துடிக்கிறேன். வருவாயா?

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

வரமாட்டேன்.

கடிதம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நீ "தும்முறவங்க" என்று எழுதிவிட்டு, அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்கிறாயே, அதற்காகவாவது நாலு வார்த்தை கேட்டுக்கொள்.

அந்தப் பாட்டு வந்த வருஷம் எனக்கு இருபது வயது. பேருந்தில் ஏறினால் கடைசி இருக்கையிலிருந்து யாராவது தும்முவான். "ஹச்சூ, ஹச்சூ, ஹச்சூ, ஐயோ சாரி!" என்று பேருந்தே சொல்லும். முதலில் நானும் சிரித்தேன், மறுக்கவில்லை. அப்புறம் இசைத்தேர்வுக்குப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? நீதான் துணைக்கு வந்தாய். ஆறு நிமிஷம் உயிரைக் கொடுத்துப் பாடினேன். நடுவில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் கேட்டார், "எல்லாம் சரிம்மா, தும்மல் எப்ப வரும்?" பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வாசலுக்கு வந்ததும் இல்லை என்று சாதித்தாய். அன்றோடு பாட்டை மூட்டை கட்டினேன்.

இதெல்லாம் யாருடைய குற்றமும் இல்லை என்றுதான் இத்தனை வருஷம் மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்றைக்கு முதல் பதிவில் ஒரு தும்மல்கூட இல்லாமல் முழுப்பாட்டையும் பாடி முடித்தேன். மெத்தைத் தடுப்பை விட்டு வெளியே வந்தால், பதிவு இயந்திரம் நாடாவைக் கடித்துத் தின்றுவிட்டது என்று நின்றாய். வாடகை இயந்திரத்தை ஆறு மணிக்குள் திருப்பித் தரவேண்டும். இரண்டாவது தடவைதான் பஞ்சுத் தூசி மூக்கில் ஏறியது. என் கெட்ட நேரம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்த கூடத்தில் நீ செய்தது கெட்ட நேரம் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். உன் சட்டைப்பையிலிருந்து என் குரல். "திரும்பி வருவீங்களா..." என்று இழுத்து, ஒரு தும்மல். நீ எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. மரம் மாதிரி நின்றாய். முதல் தும்மலிலேயே பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டேன். அதற்குள் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அப்பா முன்னால்!

அப்பாவும்தான் என்ன? அவருடைய மெத்தைக் கடைக் கிடங்கிலேயே பதிவு செய்தோம். "எனக்கு வேலை இருக்கு, உங்க கூத்த முடிச்சிட்டுக் கதவச் சாத்துங்க" என்று போய்விட்டார். மகள் பாடுவதை ஒருநாள், ஒரு அஞ்சு நிமிஷம், நின்று கேட்டதில்லை.

நான் ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிறேன். சத்தம் புகாத அறை. பட்டனை அழுத்தினால் ஒரே மாதிரி ஒலி. யாரும் யாரையும் பார்த்துத் தும்முவதில்லை. என்னை இப்படியே விடு.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

தேர்வில் சிரித்தேன். ஒத்துக்கொள்கிறேன். பதினேழு வயது, பக்கத்தில் மூன்று பேர் சிரித்தால் எனக்கும் வந்துவிடும். மன்னித்துக்கொள்.

கூடத்தில் நடந்ததைப் பற்றி இப்போது எழுத முடியாது. அதை விடு.

ஆனால் அந்தப் பாட்டை இவ்வளவு கேவலமாகப் பேசாதே அக்கா. வயிறு எரிகிறது. அந்த வருஷத்து வரிசையை எடுத்துப் பார். உருகி உருகிப் பாடிய காதல் பாட்டு எத்தனை வந்தது? ஒன்றாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? தட்டச்சு இயந்திரத்தையே மேளமாக வைத்து ஒரு பாட்டு வந்ததே, வரி முடியும்போதெல்லாம் டிங் என்று மணி அடிக்குமே, அது ஞாபகம் இருக்கும். நூறிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்து முப்பத்தேழில் மறந்துபோய், மறுபடி நூறிலிருந்து ஆரம்பிப்பாரே ஒரு குண்டு மனிதர், அது இருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் போனில் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் தவறான எண் என்று தெரிந்துகொள்ளும் பாட்டு! நாம் இரண்டு பேரும் கடை வாசலில் புதுமெத்தைமேல் குதித்துக்கொண்டே பாடுவோம். "எறங்குங்க, விக்கிற பொருள்!" என்று அப்பா துரத்துவார்.

அந்தப் பாட்டுக்கெல்லாம் வெட்கமே கிடையாது. அதுதான் எனக்குப் பிடிக்கும். என்னிடம் இருநூற்றுப் பதினான்கு இசைத்தட்டு இருக்கிறது. எல்லாம் ஒரே ஒரு பாட்டோடு நின்றுபோனவர்கள். வீட்டுக்காரி அதைக் கிறுக்கர் மடம் என்கிறாள்.

நம் பாட்டு அந்தக் கூட்டத்தில் ராஜா. மழையில் குடையை மறந்துவிட்டுப் போன காதலனை நினைத்து ஒரு பெண் பாடுகிறாள். "குடையை மறந்துட்டுப் போனவரே, திரும்பி வருவீங்களா" என்று கேட்டுவிட்டுத் தும்முகிறாள். மழையில் நின்று சளி பிடித்துவிட்டது என்று ஊரே நினைத்தது. யோசித்துச் செய்தால்கூட இப்படி அமையாது! ஆனால் தும்மலுக்கு மட்டும் ஒன்பது வாரம் கொடுக்கமாட்டார்கள் அக்கா, குரலும் இருந்தது. இரண்டாவது சரணத்தில் "மழை நின்னுபோச்சு"க்கு முன்னால் ஒரு மூச்சு எடுப்பாயே, முதல் பதிவில் அந்த இடம் எவ்வளவு அழகு! போன வாரம்கூடக் கேட்டேன்.

நிலையத்துப் பெண் தினமும் கூப்பிடுகிறாள். அக்கா யோசிக்கிறாங்க என்று சொல்லிவைத்திருக்கிறேன். யோசிப்பாயா?

தம்பி


மார்ச் 18

போன வாரம் கேட்டாயா?

இயந்திரம் தின்றுவிட்ட நாடாவைப் போன வாரம் எப்படிக் கேட்டாய்?

எனக்கே காது குத்துகிறாயா? முப்பத்து மூன்று வருஷம்! நான் பாத்திரம் கழுவும்போதுகூட அந்த முதல் பதிவை நினைத்துக்கொள்வேன். அது இருந்திருந்தால் என்று. நீ அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தும்மியதைத் தூக்கி இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறாய். என்னை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தாய்.

நாடாவை அனுப்பு. கதை வேண்டாம்.


மார்ச் 23

அக்காவுக்கு,

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஆமாம். நாடா கெட்டுப்போகவில்லை. பொய் சொன்னேன். தும்மினதைக் கொடுத்ததும் நான்தான். எல்லாப் பழியும் என்மேலேயே இருக்கட்டும், நீ திட்டு.

இத்தோடு ஒரு சின்ன பென்டிரைவ் வைத்திருக்கிறேன். முதல் பதிவின் நகல். மருமகனிடம் கொடுத்தால் கணினியில் போட்டுக் காட்டுவான். நாடா பழசாகிவிட்டது, கடைசியில் கொஞ்சம் வரவில்லை. மற்றபடி முழுசும் இருக்கிறது.

வானொலிக்கு முடியாது என்று சொல்லிவிடவா? சொல்ல மனசு வரவில்லை. நிலையத்துப் பெண்ணின் எண்ணைப் பார்த்தாலே வாசலுக்கும் சமையலறைக்குமாக நடக்கிறேன். உட்காருங்களேன், தலை சுத்துது என்கிறாள் வீட்டுக்காரி.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

கேட்டேன். முதல் தடவை மகன் பக்கத்தில் இருந்தான். "அம்மா, இது நீயா?" என்றான். அவனை வெளியே அனுப்பிவிட்டு இன்னும் நாலு தடவை கேட்டேன்.

நன்றாகப் பாடியிருக்கிறேன். பிரமாதம் என்று சொல்லமாட்டேன். முதல் சரணத்தில் அவசரப்பட்டிருக்கிறேன், இரண்டு இடத்தில் சுருதி லேசாக இறங்குகிறது. ஆனால் அந்தப் பெரிய மனிதர் இதைக் கேட்டிருந்தால், இன்னொன்று பாடும்மா என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டாய்.

இப்போது கேள். நான் இருபத்தாறு வருஷமாக ஒலியை அளந்து சம்பளம் வாங்குகிறவள். நாடா பழசானால் எப்படித் தேயும் என்று எனக்குத் தெரியும். இரையும், விட்டுவிட்டு வரும், மங்கும். நீ அனுப்பியது அப்படி நிற்கவில்லை. "திரும்பி வருவீங்" வரைக்கும் கண்ணாடி மாதிரி வருகிறது, அடுத்த நொடி படீரென்று ஒன்றுமே இல்லை. எதிரொலிகூட இல்லை. நீ கத்தரித்திருக்கிறாய். எதற்கு? அங்கே என்ன இருக்கிறது?

எனக்கு வேலை ஓடவில்லை. வியாழக்கிழமை ஒரு ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் வந்தார். ஒலி கேட்டால் பட்டனை அழுத்தவேண்டும். நான் ஒலி அனுப்பாமலே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்த மனிதர் பாவம், தன் காது அடியோடு போய்விட்டது என்று கலங்கிப்போனார். மன்னிப்புக் கேட்டுக் கதவைத் திறந்தேன். தூசி போலிருக்கிறது, எனக்குத் தும்மல் வந்துவிட்டது. மூன்று. அப்புறம் வழக்கம்போல வாயில் "ஐயோ சாரி." மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, நீங்க அந்தக் குடைப் பாட்டுதானே? எம் பொண்டாட்டி பேசுறதே சரியா கேக்கல, இந்தத் தும்மல் கேட்டுது பாருங்க!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய கடைசிப் பேருந்தில் பயணிகள் எல்லாரும் சேர்ந்து பாடி வழியனுப்பினார்களாம். எனக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டுமே என்று காத்திருந்தேன், வரவில்லை. அதுவும் ஒரு எரிச்சல்.

மூலநாடாவை அனுப்பு. நகல் வேண்டாம், மூலம். அனுப்பாவிட்டால் இதுதான் உனக்கு என் கடைசிக் கடிதம். வானொலி கிடக்கட்டும், தம்பி என்று ஒருவன் இருந்தான் என்பதையே விட்டுவிடுவேன்.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

இத்தோடு நாடா வருகிறது. அதைப் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துவிடு. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். வேறு வழி தெரியவில்லை.

அன்றைக்குக் கிடங்கில் எட்டு மெத்தையை நிறுத்தி, மேலே ஒன்றைக் கூரையாகப் போட்டு, உள்ளே உன்னை நிற்கவைத்தேன். உன் காதில் இசை மட்டும் வருகிற ஹெட்ஃபோன். நான் வெளியே இயந்திரத்துப் பக்கம், ஒலிவாங்கியில் விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டிலேயே எனக்குப் புல்லரித்துவிட்டது. கடைசி வரி வந்தது. "திரும்பி வருவீங்களா" என்று இழுத்தாய். அந்த இழுப்பின் மேல் ஒரு தும்மல்.

உன்னுடையது இல்லை.

திரும்பிப் பார்த்தேன். உன் மெத்தைச் சுவருக்குப் பின்னால், அன்று வந்து இறங்கிய பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில், அப்பா நிற்கிறார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி. தலையெல்லாம் பஞ்சு. கண் கலங்கியிருந்தது. தூசி என்று அப்போது நினைத்தேன்.

என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "டேய், என்னால கெட்டுப்போச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "அவகிட்ட சொல்லிடாதடா. கூத்துன்னு தெனமும் திட்டிட்டு, ஒளிஞ்சு நின்னு கேட்டேன்னு தெரிஞ்சா எம் மானம் போயிடும். இன்னொரு தடவ பாடச் சொல்லு. அவளுக்கு என்ன, பாடிடுவா." சொல்லிவிட்டு, உன் கண்ணில் படாமல் ஓடிவிடலாம் என்று அவசரத்தில் ஒரு மூட்டையை இடித்துத் தள்ளினார். வாய் அவிழ்ந்து பஞ்சு கிடங்கு முழுக்கப் பறந்தது. இரண்டாவது தடவை நீ தும்மினாயே, அது அந்தப் பஞ்சு.

மூன்றாவது தடவை பாட நேரம் இல்லை. இயந்திரம் தின்றுவிட்டது என்று சொன்னேன். தும்மினதைக் கொடுத்தேன். இசைத்தட்டு நிறுவனத்துக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். என் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு முதலிடத்துக்கு வந்தபோது நான் வருத்தப்படவே இல்லை. தெருவுக்குத் தெரு என் மெட்டு. உண்மை வெளியே வரவேண்டாம் என்று அப்பாவைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன்.

தேர்விலிருந்து நீ அழுதுகொண்டு வந்த அன்று அப்பா என்னைக் கேட்டார், "சொல்லிடலாமாடா?" அடுத்த நாளும் கேட்டார். இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. வருஷம் போகப் போக அது இன்னும் கடினமாகிவிட்டது.

கடைசியில் என் வீட்டில் படுத்திருந்தபோது இந்த நாடாவைப் போட்டுக் காட்டினேன். முழுப்பாட்டும் கண்ணை மூடிக் கேட்டார். தன் தும்மல் வந்ததும் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "இத உன் போன்ல வைடா. நான் கூப்பிட்டா நானே தும்மணும்" என்றார். அவர் எண்ணுக்கு மட்டும் அந்தக் கடைசி வரியை மணியாக வைத்தேன்.

அன்றைக்குக் கூடத்தில் அடித்தது அதுதான் அக்கா. கடைத் தையல்காரர், வந்தவர்கள் உட்கார வாடகை நாற்காலி ஏற்றிய வண்டி வந்துவிட்டது என்று சொல்ல, அப்பாவுடைய போனை எடுத்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் பையிலிருந்து பாதி எடுத்தேன். திரையில் "அப்பா" என்று வந்தது. எதிரே அப்பா படுத்திருக்கிறார். அதை நான் எப்படி அணைப்பேன்? கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அதற்குள் நீ பிடுங்கிவிட்டாய்.

பாட்டில் நீ தும்மியது மூன்று. அன்று அடித்தது ஒன்றுதான். பிடுங்கினதால் ஒன்றோடு நின்றது என்று நீ நினைத்தாய். அதற்கு மேல் அதில் இல்லவே இல்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். உன் பாட்டைக் கெடுத்தவர் இவர்தான் என்று, அவரைக் கிடத்திவைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அப்புறம் எல்லார் முன்னாலும், இனி நீ எனக்குத் தம்பி இல்லை என்றாய். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

இனி நீ என்ன சொன்னாலும் சரி.

தம்பி


ஏப்ரல் 16

அக்கா,

நாடா வந்து சேர்ந்ததா? அஞ்சல் அலுவலகத்தில் விசாரித்தேன், எட்டாம் தேதியே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாயாம்.

இங்கே வாசலில் தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து நிற்கிறேன். அவர் இப்போது அடுத்த தெரு வழியாகப் போகிறார். நிலையத்துக்கு இருபத்திரண்டாம் தேதிக்குள் பதில் சொல்லவேண்டும். அது போனால் போகட்டும். இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


ஏப்ரல் 19

டேய் சுண்டெலி,

மூட்டைக்குள் ஒளிந்துகொண்டு பஞ்சைப் பிடுங்கித் தின்பாய் என்று உனக்கு வைத்த பெயர். எழுதி எத்தனை வருஷம்!

நாடா எட்டாம் தேதி வந்தது. போடவில்லை. மூன்று நாள் மேசைமேல் கிடந்தது. மூன்று நாளும் அப்பாவுடைய படத்தைப் பார்த்துத் திட்டித் தீர்த்தேன். "உனக்கு உன் மானம் பெருசு, என் பாட்டு பெருசில்ல, அப்படித்தானே?" என்று கேட்டேன். அத்தான் பயந்துபோய், ரத்த அழுத்தம் பார்க்கலாமா என்றார். உன்னையும் திட்டினேன். நீங்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்து ஒரு உண்மை சொல்லியிருந்தால் என் பாதி ஆயுள் வேறு மாதிரி போயிருக்கும். அந்தக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இருக்கிறது. இருக்கும்.

நாலாம் நாள், ஆஸ்பத்திரிக் கிடங்கில் நாடா ஓட்டும் ஒரு பழைய பெட்டி இருந்தது, கேட்டு வாங்கினேன். மதிய இடைவேளையில் சோதனை அறைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நோயாளி உட்காரும் நாற்காலி. நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. ஹெட்ஃபோனை மாட்டினேன்.

உனக்குக் கேட்டிருக்குமா தெரியாது, என் காதுக்குக் கேட்டது. தும்மலுக்கு முன்னாலேயே அப்பா இருக்கிறார்டா. முதல் சரணம் முடிகிற இடத்தில் அவருடைய செருப்பு ஒருமுறை உரசுகிறது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் மூச்சை எடுக்கிறேன் என்று எழுதினாயே, அந்த இடத்தில் இரண்டு மூச்சு இருக்கிறது. ஒன்று என்னுடையது. ஆறு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஆரம்பத்திலிருந்தே நின்றிருக்கிறார். அந்த மனிதர் ஒரு நாளில் அஞ்சு நிமிஷம் சும்மா நின்று நான் பார்த்ததில்லை. அன்றைக்கு முழுப்பாட்டும் நின்றிருக்கிறார்.

அப்புறம் அந்த இழுப்பு. தும்மல். தும்மல் முடிந்ததும் மெதுவாக, "அய்யய்யோ."

என் தும்மலா அது! கடைத்தெருவே அதிருகிற மாதிரித் தும்முவாரே, அந்தத் தும்மல். ஊர்க் காதையெல்லாம் சோதிக்கிறேன், பெற்ற அப்பாவின் தும்மலைத் தெரியாமல் வாளியில் போட்டேன். சத்தம் புகாத அறை என்பதால் வெளியே யாருக்கும் கேட்கவில்லை. நன்றாக அழுதேன். அடுத்த நோயாளி கதவைத் தட்டும் வரைக்கும் அழுதேன்.

அந்தப் போனுக்கும் உனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தையை இதோ எழுத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரியிடம் காட்டிவிட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்து.

வானொலிக்கு வருகிறேன் என்று சொல்லிவிடு. இருபத்தாறாம் தேதி ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. எட்டு மணி நேரமும் மூச்சுப் பயிற்சி செய்யப்போகிறேன், பக்கத்துச் சீட்டுக்காரர் பாடு திண்டாட்டம். நான் முழுப்பாட்டும் பாடுவேன், தும்மமாட்டேன். அந்தப் பெண் கேட்டால் அக்காவுக்குச் சளி குணமாகிவிட்டது என்று சொல். கடைசி வரியில் நான் இழுத்து நிறுத்தும்போது நீ இந்த நாடாவை ஒலிக்கவிடு. தும்முகிற வேலையை அப்பா பார்த்துக்கொள்வார். அவர் மானம் போகட்டும், ஊருக்கெல்லாம் தெரியட்டும்.

இன்னொரு விஷயம். என் புது எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். மகன் நாடாவிலிருந்து அந்தக் கடைசி வரியை எடுத்து என் போனில், உன் பெயருக்கு மட்டும், மணியாக வைத்துக் கொடுத்திருக்கிறான். ஆனால் இன்னும் யாரும் அடிக்கவில்லை. என் எண்ணே உன்னிடம் இல்லை என்று தெரிந்தும், காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. உடனே எடுக்கவில்லை என்று வைத்துவிடாதே. அப்பா தும்மி முடித்த பிறகுதான் எடுப்பேன்.

அக்கா